இன்னும் மூன்று மதிப்பெண்

தராசுக்காரருக்குச் சிகரெட்டை விட வேண்டும் என்று தோன்றியது ஐம்பத்தெட்டாவது வயதில். அதற்கு முன்பும் தோன்றியதுண்டு. பல் வலிக்கும்போது தோன்றும். வலி நின்றதும் எண்ணமும் நின்றுவிடும். இந்த முறை அப்படிப் போகவில்லை. போக முடியாதபடி காரணம் அவர் வீட்டு உள்ளறையிலேயே துணி சுற்றிப் படுத்திருந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை ஆறு வாரம் முந்தியே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, "நுரையீரல் இன்னும் பலப்படல, புகை தூசி எதுவும் கிட்ட வரக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் என்ஜினியர். கப்பல் துறைமுகம் திரும்ப மூன்று மாதம் ஆகும். அதுவரை தாயும் பிள்ளையும் தராசுக்காரர் வீட்டில். அப்புறம் இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் துறைமுக ஊருக்குப் போய்விடுவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்பது கப்பல் கம்பெனிக்குத்தான் தெரியும்.

முதல் நாள் தராசுக்காரர் பல் தேய்த்து, கை கால் கழுவி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பேத்தியை வாங்கக் கையை நீட்டினார். மகள் மூக்கைச் சுருக்கினாள்.

"தப்பா நினைக்காதீங்கப்பா. சோப்புப் போட்டது கையில. புகை இருக்கிறது மூச்சுல. சிகரெட்டை விட்டுட்டு வாங்க, நாள் முழுக்க நீங்களே வெச்சுக்குங்க. அதுவரைக்கும் வாசப்படியில நின்னு பாருங்க."

பேச்சில் அவள் அப்படியே அம்மா. தராசுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். அங்கிருந்து குழந்தையின் நெற்றியும் மூடிய ஒரு கையும்தான் தெரிந்தன. கடைத்தெருவில் தராசு நொண்டினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மளிகைக் கடைக்காரர் முதல் பொற்கொல்லர் வரை இவர் கை வைத்தால்தான் முள் நடுவில் நிற்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நின்றார்.

சொந்தமாக விட்டுப் பார்த்தார். முதல் முறை ஆறு மணி நேரம் தாங்கியது. இரண்டாம் முறை நான்கு. மூன்றாம் முறை கடை ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கணக்குத்தான். அப்போது மருந்துக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். பெரிய ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் புகையிலைச் சார்பு மதிப்பீட்டு மையம் என்று ஒன்று இருக்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை தருகிறார்கள். ஒட்டிக்கொண்டால் சிகரெட் ஏக்கம் அடங்கும். கடையில் கிடைக்காது, மையத்தின் சீட்டுக்குத்தான் கிடைக்கும்.

மறுநாள் தராசுக்காரர் ஒரு சிகரெட் கூடப் பிடிக்காமல் எட்டு மணிக்கே போய் நின்றார். நல்ல காரியத்துக்குப் போகும்போது சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த முதல் தவறு.

கவுண்டரில் பதிவு எழுத்தர் அம்மா, ஒரு பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிரச்சினை?"

"சிகரெட்டை விடணும்மா."

"அது உங்க ஆசை. நான் கேட்டது பிரச்சினை."

"சிகரெட் பிடிக்கிறேன்."

"பிடிக்கிறீங்கங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

தராசுக்காரர் மஞ்சள் ஏறிய இரண்டு விரலை நீட்டினார். "வாசனை கூட இருக்கும்மா, மோந்து பாருங்க."

"வாசனையை ஃபைல்ல வைக்க முடியாது. எங்க வாங்குறீங்களோ அந்தக் கடைக்காரர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, எல்லாம் எழுதி சீல் போட்டிருக்கணும். அது சரி, இன்னைக்கு எத்தனை பிடிச்சீங்க?"

"ஒண்ணு கூட இல்லம்மா." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

எழுத்தர் அம்மா பேனாவை மூடிவிட்டார். "அப்போ இன்னைக்கு நீங்க புகைக்காதவர். புகைக்காதவங்களுக்கு இங்க பிரிவே இல்ல. போய் ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க. பின் படிக்கட்டுல பிடிக்கலாம். இந்த நேரத்துக்குக் கூட்டமா இருக்கும், ஆனா கேட்டா இடம் விடுவாங்க."

பின் படிக்கட்டில், 'உன் நுரையீரல் உன் செல்வம்' என்ற பெரிய பலகைக்குக் கீழே, கழுத்தில் மையத்தின் ஊழியர் அட்டை தொங்க ஏழெட்டுப் பேர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். கண்ணாடி போட்ட இன்னொருவர் நெருப்பும் கொடுத்தார். அவர்தான் மதிப்பீட்டாளர் என்பது பிறகு தெரிந்தது. விடிந்ததிலிருந்து வைராக்கியத்தோடு இருந்த தராசுக்காரர் அந்த ஒரு சிகரெட்டை அரசாங்க ஆணைப்படி பிடித்தார்.

பெட்டிக்கடைக்காரரிடம் இதுவரை யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கடையை மூடிவிட்டுப் போய் ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொண்டு வந்தார். 'மேற்படியார் என் கடையில் பதினாறு ஆண்டுகளாக, மழை வெயில் பாராமல், தினம் பத்து சிகரெட் வாங்கி நேர்மையாகப் புகைத்து வருகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறேன்' என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த வாரமே கடை வாசலில் 'இங்கே புகைப்போர் சான்றிதழ் வழங்கப்படும்' என்று பலகை தொங்கியது. சான்றிதழ் வாங்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு சிகரெட் கூடுதலாகப் பிடித்தார்கள்.

லெட்டரோடு போன தராசுக்காரரை மதிப்பீட்டாளர் தன் அறையில் உட்கார வைத்தார். படிக்கட்டில் நெருப்புக் கொடுத்தபோது இருந்த சிரிப்பு இப்போது இல்லை. முதலில், மூச்சில் எவ்வளவு புகை இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றை நீட்டினார். தராசுக்காரர் வாயில் வைக்காமல் அதையே உற்றுப் பார்த்தார்.

"சார், நான் ஊதறதுக்கு முன்னாடியே முப்பத்தி நாலு காட்டுதே? முதல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டாமா?"

"அது முன்னாடி ஊதினவரோடது. நீங்க ஊதுங்க, கடைசியில கழிச்சுக்கலாம்."

"முன்னாடி ஊதினது யாருங்க? பாவம், முப்பத்தி நாலுன்னா ரொம்ப முத்தின கேஸா இருக்குமே."

"காலையில கருவி வேலை செய்யுதான்னு நான் ஊதிப் பார்த்தேன்" என்றார் மதிப்பீட்டாளர், கருவியைத் துடைத்தபடி. "நம்ம விஷயத்துக்கு வருவோம். ஆறு கேள்வி. மொத்தம் பத்து மதிப்பெண். அதுல நீங்க எவ்வளவு எடுக்கிறீங்களோ அவ்வளவுக்கு நீங்க சிகரெட்டைச் சார்ந்திருக்கீங்க. முதல் கேள்வி. தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?"

"டீ குடிச்சுட்டு... ஒரு பத்து பதினைஞ்சு நிமிஷம் இருக்கும்."

"பத்தா, பதினைஞ்சா? உங்க கடைக்கு ஒருத்தர் வந்து, என் தராசு ஒரு பத்து பதினைஞ்சு கிலோ தப்பு காட்டுதுன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?"

தராசுக்காரருக்கு இது நியாயமாகத்தான் பட்டது. கேள்விக்கு நேரே 'வீட்டில் நேரடி ஆய்வு' என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்.

"ரெண்டாவது. புகைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கிற இடத்துல அடக்கிக்கிட்டு இருக்கிறது கஷ்டமா இருக்குமா?"

"இருக்காது சார்."

"அதை நீங்க சொல்லக் கூடாது. நாங்கதான் சொல்லணும்."

அதற்கென்று ஓர் அறை இருந்தது. நான்கு சுவரிலும் 'புகைக்காதே'. நடுவில் ஒரு ஸ்டூல். தராசுக்காரர் அதில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்; மதிப்பீட்டாளர் எதிரே உட்கார்ந்து கை நடுங்குகிறதா, கால் ஆடுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இருபதாவது நிமிடம் மதிப்பீட்டாளரின் கால் ஆட ஆரம்பித்தது. முப்பதாவது நிமிடம் எழுந்துவிட்டார்.

"ஒரு அவசர வேலை. நான் வர்ற வரைக்கும் உங்களை நீங்களே கவனிச்சு எழுதி வையுங்க."

மூன்று மணி நேரத்தில் அவருக்கு ஐந்து அவசர வேலை வந்தது. தராசுக்காரர் பொறுப்பானவர், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'நலம்' என்று எழுதினார். கடைசியில் மதிப்பீட்டாளர் நோட்டைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"அசையாம உட்கார்ந்திருக்கீங்களே! இதுல பூஜ்யம்தான் போட முடியும்."

எந்தச் சிகரெட்டை விடுவது ரொம்பக் கஷ்டம் என்பதற்கும், காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா என்பதற்கும் ஒவ்வொரு மதிப்பெண் கிடைத்தது. ஒரு நாளைக்குப் பத்து என்றதற்கு ஒன்றுமில்லை. பத்தெல்லாம் அங்கே ஒரு கணக்கிலேயே சேராது என்று தெரிந்தது. கடைசிக் கேள்வியில் வண்டி நின்றுவிட்டது.

"உடம்பு சரியில்லாம நாள் முழுக்கப் படுத்திருந்தா, அப்பவும் பிடிப்பீங்களா?"

"நான் படுத்து எட்டு வருஷம் ஆச்சு சார்."

"படுக்காம எப்படிப் பதில் சொல்வீங்க? சரி, காலியா விடறேன். ஜுரம் கிரம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொல்லிடுங்க."

வீட்டு ஆய்வுக்கு மதிப்பீட்டாளர் விடிகாலை ஐந்து மணிக்கே வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். ஓர் அந்நியர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? தராசுக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தார்.

"முழிச்சுட்டீங்களா?" என்று மதிப்பீட்டாளர் மெல்லக் கேட்டார்.

"இல்லைங்க."

"சரி, அவசரமில்ல."

தண்ணீர்க் குடத்தோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். முப்பத்திரண்டு வருடமாக அந்த மனிதரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அவள் வேலை. இப்போது எழுப்பக் கூடாது என்று தடுப்பதற்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறார். ஆறு மணிக்குத் தராசுக்காரர் கண்ணைத் திறந்தார். முழிப்பு என்பது கண் திறந்த நேரமா, கால் தரையில் பட்ட நேரமா என்று மதிப்பீட்டாளருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் சிகரெட் பற்றியதும் இரண்டு கணக்கையும் கூட்டி இரண்டால் வகுத்தார். பன்னிரண்டு நிமிடம் வந்தது. இரண்டு மதிப்பெண்.

"யாரும்மா அவரு?" என்று மகள் உள்ளறையிலிருந்து கேட்டாள்.

"உங்கப்பா தூங்குறதைப் பார்க்க வந்தவரு" என்றாள் மனைவி. "வேற வேலை கிடைக்கல போல, பாவம்."

ஆக மொத்தம் நான்கு. முடிவை அறிவிக்க இயக்குநரே கூப்பிட்டார். அவருடைய அறையில் ஏசி ஓடியது. மேஜை மேல் பளிங்கில் செய்த ஒரு ஜோடி நுரையீரல் இருந்தது, பேப்பர் பறக்காமல் வைக்க.

"நாலு. குறை நடுத்தரம். உங்களுக்கு இந்தத் துண்டுப் பிரசுரம் கொடுப்போம்."

"பட்டை கொடுப்பீங்கன்னாங்களே சார்."

"பட்டை ஏழு வாங்கினாத்தான்."

"எனக்கு நாள் அதிகமில்லைங்க. பேத்தி இன்னும் ரெண்டு மாசம்தான் இங்க இருப்பா. அதுக்குள்ள நான் விட்டாகணும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பெரியவரே, நிறைய பேர் இந்த மையத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. நாங்க இங்க இருக்கிறது சார்பை அளக்கிறதுக்கு. குறைக்கிறதுக்கு இல்ல. குறைச்சுட்டா அப்புறம் எதை அளப்போம்? நாப்பத்திரெண்டு பேர் இதை நம்பி இருக்கோம். ஆனா நான் உங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். நாலு வாங்கியிருக்கீங்க, மோசமில்ல. இன்னும் மூணே மூணு மதிப்பெண். கொஞ்சம் முயற்சி பண்ணினா எட்டிப் பிடிச்சிடலாம்."

வெளியே வந்ததும் மதிப்பீட்டாளர் காதோடு காதாக வழி சொல்லிக் கொடுத்தார். எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட், அதில் ஒரு மதிப்பெண் கூடும். ஒரு நாளைக்கு இருபத்தொன்றுக்கு மேல் போனால் அதில் இரண்டு. "ஆறு வாரம் தொடர்ந்து பண்ணணும். நடுவுல ஒரு நாள் விட்டாலும் முதல்லேர்ந்து எண்ணுவோம். மனசு வெச்சா முடியும் சார்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை இங்கேதான் ஆரம்பித்தது. பட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தராசுக்காரர் முழுக்க நம்பினார்; அதனால்தான் மனசு வைத்தார். பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். கண் திறக்கும் முன்பே கை தேடும். பதினாலு வரைக்கும் சிரமமில்லை. பதினைந்துக்கு மேல் ஒவ்வொன்றும் கசப்பு மருந்து போல இறங்கியது. சாயங்காலம் கணக்கு குறைந்தால் கடையை மூடியபின் பெட்டிக்கடையில் நின்று நாலைச் சேர்ந்தாற்போல ஊதித் தள்ளுவார். பெட்டிக்கடைக்காரர் பக்கத்தில் நின்று எண்ணுவார். "இன்னும் ஒண்ணுதான், வாங்க வாங்க" என்று தட்டிக் கொடுப்பார்.

"விடப் போறேன்னு போன மனுஷன் ஓவர்டைம் பார்க்கிறீங்களே" என்றாள் மனைவி.

"விடறதுக்குத்தான்டி இவ்வளவு பாடும்."

"உங்களுக்குப் புரியுதா, இல்ல எனக்குத்தான் புரியலையா?"

விளக்க ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமல் சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு அழுதது. அன்றைக்கு மகள் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். அதற்கு அடுத்த வாரம், தலையணையெல்லாம் நாறுகிறது என்று மனைவி அவருடைய படுக்கையை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். வாசற்படியில் நின்று பார்த்த மனிதருக்கு இப்போது மூடிய கதவு கூடக் கண்ணில் படவில்லை. குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டது என்று மனைவி வந்து சொன்னாள். யாரைப் பார்த்துச் சிரித்தது என்று கேட்டார். காலண்டரைப் பார்த்து என்றாள். அவருக்குக் காலண்டர் மேல் பொறாமையாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து போனபோது மதிப்பெண் ஏழு வந்தது. எழுத்தர் அம்மா எழுந்து நின்று வாழ்த்தினார். மதிப்பீட்டாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தராசுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பட்டை ஒட்டுவதற்குத் தோதாக நின்றார்.

"அது அடுத்த கட்டம்" என்றார் மதிப்பீட்டாளர். "பட்டை ஒட்டறதுக்கு முன்னாடி மன உறுதி மதிப்பீடு. விடணும்கிற எண்ணம் உண்மையா இருக்கான்னு பார்ப்போம். கொடுத்துட்டு வீணாப் போகக் கூடாது பாருங்க." ஃபைலைப் புரட்டினார். அவர் முகம் இருண்டது. "என்ன சார் இது? வந்தப்ப பத்து. இப்போ இருபத்திரெண்டு. விடணும்னு நினைக்கிறவர் செய்ற காரியமா இது?"

"நீங்கதான சார் ஏத்தச் சொன்னீங்க!"

"நான் சொன்னது சார்பு மதிப்பீட்டாளரா. இப்போ கேக்கிறது மன உறுதி மதிப்பீட்டாளரா. அவர் இடம் ஒரு வருஷமா காலி. நான்தான் ரெண்டையும் பார்க்கிறேன். அவர் சொன்னாருன்னு இவர்கிட்ட சொல்லாதீங்க."

ஃபைல் குழுவுக்குப் போனது. குழு ஆண்டு விழா முடிந்த பிறகுதான் கூடும் என்றார்கள். ஆண்டு விழாவுக்குத் தராசுக்காரர் கட்டாயம் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைப்பு வந்தது. அங்கே ஏதாவது நல்லது நடக்கும் என்று அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். கப்பல் வர அப்போது பதினேழு நாள்தான் இருந்தது.

அரங்கு நிறையக் கூட்டம். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! இந்த மையம் தொடங்கியபோது இந்தப் பகுதியில் உயர் சார்பாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? பதினொன்று. வெறும் பதினொன்று! மேலிடம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. மையத்தை மூடிவிடலாமா என்று கூடக் கேட்டார்கள். நாங்கள் மனம் தளரவில்லை. இன்று, மூன்றே ஆண்டில், முன்னூற்றுப் பன்னிரண்டு!" கைதட்டல். "சிலர் கேட்கிறார்கள், எத்தனை பேர் சிகரெட்டை விட்டார்கள் என்று. அவர்களுக்கு நான் பணிவோடு சொல்லிக்கொள்வேன்: விட்டவர்களைக் கணக்கெடுக்க எங்களிடம் படிவம் இல்லை. இதோ, இந்த ஆண்டின் சிறந்த பயனாளி. எங்களிடம் வரும்போது இவர் சாதாரண மனிதர். பத்து சிகரெட். இன்று இருபத்திரண்டு! இந்த வயதில்! உழைப்பு, நண்பர்களே, உழைப்பு!"

மேடையில் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தராசுக்காரர் கீழே பார்த்தார். முதல் வரிசையில் மனைவி ஒருத்திதான் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவள் தலையைக் குனிந்து முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிய மனைவியை ஊர் நடுவில் தலை குனிய வைத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து சான்றிதழை மகளிடம் நீட்டினார். அவள் கதவை ஒரு சாண் திறந்து வாங்கிப் படித்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார்.

"நீங்க எனக்காகத்தான் அங்க போனீங்க இல்லப்பா?" என்றாள். "போயிருக்க வேண்டாம்." கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

தராசுக்காரர் மாடிக்குப் போய்த் தலையணைக்குக் கீழிருந்த பாக்கெட்டை எடுத்துத் தண்ணீர் வாளியில் அமுக்கினார். அது மிதந்தது. செங்கல்லை வைத்தார்.

அடுத்த பதினைந்து நாளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று நாள் கடை திறக்கவில்லை. கை நடுக்கத்தில் சின்ன எடைக்கல் ஒன்றைக் கூட இடுக்கியால் எடுக்க முடியவில்லை. நான்காம் நாள் காரணமில்லாமல் மருந்துக்கடைக்காரரோடு சண்டை போட்டார். ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுதார். மனைவி அவருடைய செருப்பை ஒளித்து வைத்தாள். அவர் வெறுங்காலோடு பெட்டிக்கடை வரை போய், அங்கே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கிராம்பைக் கடித்துக் கடித்து நாக்கு மரத்துவிட்டது. இரவில் கனவில் கூட யாரோ நெருப்புக் கேட்டார்கள். யாரும் அவருக்கு மதிப்பெண் போடவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் மகள் கதவைத் திறந்து, "ஊதுங்க" என்பாள். ஊதுவார். மோந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு" என்று சாத்துவாள்.

பதினாறாம் நாள் காலையில் மோந்து பார்த்துவிட்டு அவள் கதவைச் சாத்தவில்லை. "உட்காருங்க. முழங்கையை இப்படி வையுங்க. தலையைத் தாங்கணும்" என்று சொல்லிக் குழந்தையை அவர் கையில் வைத்தாள். குழந்தை ஒரு கொட்டாவி விட்டு, அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. மறுநாள் சாயங்காலம் ரயில். மூட்டை முடிச்செல்லாம் கூடத்தில் கட்டி வைத்திருந்தது. தராசுக்காரர் மூச்சு கூடப் பார்த்துப் பார்த்து விட்டார்.

அரை மணி ஆகியிருக்காது, வாசலில் மதிப்பீட்டாளர். கையில் ஒரு ஃபைல், அக்குளில் ஒன்று.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் மகள். அவர் வாசற்படியோடு நின்றுவிட்டார்.

"சார், நீங்க விட்டுட்டீங்கன்னு பெட்டிக்கடைக்காரர் புகார் எழுதிக் கொடுத்திருக்கார். முத்திரையெல்லாம் போட்டு! உண்மையா?"

"உண்மைதாங்க. பதினாறு நாள் ஆச்சு. நாளைக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது, இன்னைக்கு வரைக்கும் பிடிக்கல."

"யாரைக் கேட்டு சார் விட்டீங்க?" மதிப்பீட்டாளருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "மன உறுதி மதிப்பீடு முடியல, குழு கூடல, பட்டை கொடுக்கல. ஒரு நடைமுறை வேண்டாமா? மேலிடத்துக்கு முன்னூத்திப் பன்னிரெண்டுன்னு அறிக்கை போயாச்சு. இப்போ முன்னூத்திப் பதினொண்ணுன்னா அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு என்னைத்தான் கேப்பாங்க. நீங்க மறுபடி பிடிக்க வேண்டாம். பிடிக்கிறேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும். பேனா நான் தர்றேன்."

"கை காலியா இல்லைங்க."

"ஒரு நிமிஷம் குழந்தையை அம்மாகிட்ட கொடுத்துட்டு..."

மகள் கையை நீட்டவில்லை. மனைவியும் நீட்டவில்லை. மூட்டைக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ரயில்" என்றார் தராசுக்காரர். "அதுக்கப்புறம் என் கை காலியாத்தான் இருக்கும். அப்பவும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா வாங்க, உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கலாம்."

மதிப்பீட்டாளர் ஃபைலைச் சுவரில் வைத்து, 'பயனாளியின் கைக்கு ஓய்வு இல்லாததால் கையொப்பம் பெறப்படவில்லை' என்று எழுதினார். எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"சார்," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், "நிஜமாவே எப்படி விட்டீங்க? எனக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கு. ஒன்பது மாசம். கிட்டவே வர மாட்டேங்குது."

தராசுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குழந்தை தூக்கத்தில் அசைந்தது. அவர் உடனே பேச்சை நிறுத்தி, அது மறுபடி ஆழ்ந்து தூங்கும் வரை அசையாமல் இருந்தார். மதிப்பீட்டாளரும் வாசலில் சத்தமில்லாமல் நின்றார்.